வீடியோ காலில் நான் பார்க்கும் முகம்தான் மற்றவர்களுக்கும் தெரியுமா?

ஜூமில் அழகாகத் தெரியும் முகம் போட்டோவில் ஏன் கோணலாகிறது, எதிரில் இருப்பவர் எதைப் பார்க்கிறார் என்று கேட்டிருக்கிறீர்கள்.

உங்களுக்குத் தெரிவது கண்ணாடி பிம்பம். அவருக்குப் போவது நேர்ப்படம். பாளையங்கோட்டையில் எங்கள் வீட்டுச் சுவரில் நெல்லையப்பர் படம் போட்ட காலண்டர் தொங்குகிறது. கால் பேசும்போது அதிலுள்ள கடைப்பெயர் எனக்கு இடவலம் மாறித் தெரியும். சென்னையில் இருக்கும் அக்கா அதைச் சரியாக வாசித்துவிடுவாள். என் இடது புருவத் தழும்பும் அப்படித்தான்: எனக்குத் திரையின் இடப்பக்கம், அவளுக்கு வலப்பக்கம்.

யார் முகமும் இரண்டு பக்கமும் அச்சாக ஒன்றுபோல் இருக்காது. கண்ணாடியிலேயே பார்த்துப் பழகியதால் நேர்ப்படம் நமக்குக் கோணலாகப் படுகிறது. 1977இல் அமெரிக்காவில் வெளியான ஓர் ஆய்வில் பெரும்பாலான மாணவிகள் தங்கள் கண்ணாடி பிம்பத்தையே விரும்பினார்கள். அவர்களுடைய தோழிகளுக்குப் பிடித்தது நேர்ப்படம். அதனால் கவலையே வேண்டாம்.

உண்மையில் முகத்தைக் கெடுப்பது வெளிச்சம்தான். முற்றத்துக்கு முதுகைக் காட்டி உட்கார்ந்தால், நம்ம ஊர் வெயிலுக்குக் கேமரா படத்தையே இருட்டாக்கிவிடும், முகம் கருத்துப்போகும். முற்றத்தைப் பார்த்து உட்காருங்கள். அப்புறம், போனை ஒரு கை தூரம் தள்ளி வையுங்கள். ரொம்பக் கிட்டே வைத்தால் மூக்கு பெரிதாகும்.

ஜூம் அமைப்புகளில் 'மிரர் மை வீடியோ'வை அணைத்தால், மற்றவர்கள் பார்க்கும் முகத்தை நீங்களும் பார்க்கலாம்.