தூக்கத்தில் ஏறும் சூடு

கேள்வி: விறைப்புக் குறைபாட்டைத் தோலின் சூட்டை வைத்தே கண்டுபிடிக்கலாம் என்கிறார்களே, நிஜமா?

பதில்: ஓரளவுக்கு நிஜம்தான். விறைப்பு என்பதே ஆணுறுப்பில் ரத்தம் பாய்ந்து தேங்குவதுதான், ரத்தம் கூடினால் தோலில் சூடும் ஏறும், அதை ஒட்டிவைத்த சின்ன சென்சார் ராத்திரி முழுக்கப் பதிவு செய்துகொண்டே இருக்கும். ஏன் ராத்திரி? ஆரோக்கியமான ஆணுக்குக் கனவுத் தூக்கத்தில் 3 முதல் 5 தடவை தானாகவே விறைப்பு வரும். அது ஒழுங்காக வந்தால் ரத்தக்குழாயும் நரம்பும் பெரும்பாலும் சரி, பதற்றமோ மனஅழுத்தமோ காரணமாக இருக்கலாம். ஆனால் போர்வைக்குள்ளும் சூடு ஏறுமே! அதனால் தொடைச் சூட்டோடும் ஒப்பிட்டுப் பார்க்க வேண்டும். எவ்வளவு உறுதியான விறைப்பு என்பதையும் சூடு சொல்லாது, அதற்கு வளையம் மாட்டி அளக்கும் ரிஜிஸ்கேன் என்ற கருவி இருக்கிறது. அதெல்லாம் அப்புறம், முதலில் சர்க்கரை, ரத்த அழுத்தம், கொழுப்பு, டெஸ்டோஸ்டிரோன் என்ற ஆண் ஹார்மோன் எல்லாம் பார்த்துவிடுங்கள்.