சர்வரில் இருப்பது நகல்: வாசகர் கேள்வி பதில்

இணையதளக் கோப்புகளைச் சர்வரில் (தளத்தை ஊராருக்கு வழங்கும் கணினியில்) ஏற்றுவது, அங்கே அவற்றைப் பராமரிப்பது ஆகியவை குறித்து வேலூரிலிருந்தும் பழைய வட ஆர்க்காட்டின் பிற ஊர்களிலிருந்தும் வந்த கடிதங்களில் ஐந்துக்கு இந்த இதழில் பதில் அளிக்கிறோம்.

கேள்வி: எங்கள் கடையின் இணையதளத்தை என் மகன் வடிவமைத்தான். வீட்டுக் கணினியில் திறந்தால் எல்லாப் படங்களும் தெரிகின்றன. சர்வரில் ஏற்றிய பிறகு பாதிப் படங்கள் இருக்க வேண்டிய இடத்தில் வெற்றுக் கட்டம்தான் வருகிறது. மூன்று முறை ஏற்றிப் பார்த்தும் பயனில்லை. சர்வரில் இடம் தரும் ஹோஸ்டிங் நிறுவனத்தின் குறையா?
– காலணி வியாபாரி, ஆம்பூர்

பதில்: நிறுவனத்தைக் கடிந்துகொள்வதற்கு முன்னால் கோப்புகளின் பெயர்களை ஒரு முறை பார்த்துவிடுங்கள். உங்கள் வீட்டில் இருப்பது விண்டோஸ் கணினியாக இருந்தால், அது ஆங்கிலப் பெரிய எழுத்தையும் சிறிய எழுத்தையும் ஒன்றாகவே பாவிக்கும். ஹோஸ்டிங் சர்வர்களில் பெரும்பாலானவை லினக்ஸில் இயங்குபவை. அங்கே அவை இரண்டும் வெவ்வேறு. கேமராவிலிருந்து வரும் படங்களில் பலவற்றின் பெயர் பெரிய எழுத்தில் ஜேபிஜி என்று முடியும். உங்கள் மகன் பக்கத்தில் அதைச் சிறிய எழுத்தில் எழுதியிருந்தால், சர்வர் அப்படி ஒரு கோப்பே இல்லை என்று கைவிரித்துவிடும். தமிழில் இந்தப் பெரிய எழுத்து, சிறிய எழுத்து என்ற பேதமே கிடையாது என்பதால், நம் கண் இந்த வேறுபாட்டை எளிதில் தவறவிட்டுவிடுகிறது என்று எனக்குத் தோன்றுவதுண்டு.

இன்னொரு காரணமும் இருக்கக்கூடும். பக்கத்தில் படத்தின் முகவரி உங்கள் வீட்டுக் கணினியின் சி டிரைவைச் சுட்டிக்கொண்டிருந்தால், அந்தப் படம் அந்த ஒரு கணினியில் மட்டுமே தெரியும். ஏற்றியதெல்லாம் சரியாக ஏறியிருந்தும் ஊராருக்குத் தெரியாது. ஆகவே, ஏற்றி முடித்ததும் சோதனையை வீட்டுக் கணினியில் செய்யாமல், கடையில் வேலை செய்பவரின் கைபேசியில் செய்யுங்கள்.

பெயர்களை ஆங்கிலச் சிறிய எழுத்திலும், இடைவெளிக்குப் பதில் சிறு கோடு இட்டும் அமைத்துக்கொள்வது நல்லது. தமிழிலேயே பெயர் வைக்கலாமே என்று நீங்கள் கேட்கலாம். வைக்கலாம், தவறில்லை. ஆனால் எழுத்துகளைக் கணினியில் எண்களாகக் குறிக்கும் யூனிகோடு முறையில் ‘செருப்பு’ என்ற சொல் எட்டுக் குறியீடுகளால் ஆனது. அவற்றைச் சேமிக்கும் யூடிஎஃப்-8 வடிவில் ஒவ்வொன்றுக்கும் மூன்று பைட்டுகள் வேண்டும். இணைய முகவரியில் ஒவ்வொரு பைட்டும் விழுக்காட்டுக் குறியுடன் (%) மூன்று எழுத்துகளாக விரியும். ஆக அந்த ஒரு சொல்லே முகவரியை நகலெடுத்து அனுப்பும்போது 72 எழுத்துகளாக நீண்டு நிற்கும். பழைய ஜிப் மென்பொருள்கள் சில அதை உருத்தெரியாமல் சிதைத்தும் விடுகின்றன. பக்கத்தின் உள்ளே எவ்வளவு தமிழ் வேண்டுமானாலும் எழுதுங்கள். கோப்பின் பெயரில் மட்டும் ஆங்கிலத்துக்கு இடம் கொடுப்பதே இப்போதைக்குப் புத்திசாலித்தனம் என்பதைச் சற்று மனவருத்தத்துடனேயே சொல்கிறேன்.

கேள்வி: கெங்கையம்மன் சிரசுத் திருவிழாவில் பல ஆண்டுகளாக எடுத்த ஏறக்குறைய 3,000 படங்களை ஒரு தளத்தில் வைக்க விரும்புகிறோம். கோப்புகளை ஏற்றும் ஃபைல்ஜில்லா மென்பொருளில் இரவு முழுவதும் ஓடவிட்டாலும் நடுவில் அறுந்துவிடுகிறது. எது ஏறியது, எது பாதியில் நின்றது என்றே தெரியவில்லை.
– நண்பர்கள் குழு ஒன்று, குடியாத்தம்

பதில்: முதலில் சிறிது கணக்குப் போடுவோம். ஒரு படம் 4 எம்பி என்று வைத்துக்கொண்டால் 3,000 படங்கள் 12 ஜிபி ஆகின்றன. இணையத்தில் பார்ப்பதற்கு 1,600 பிக்சல் அகலமே தாராளம். அந்த அளவுக்குச் சுருக்கிப் படத்துக்கு 300 கேபி ஆக்கினால் மொத்தமும் 900 எம்பிக்குள் அடங்கிவிடும். பார்வையாளர்களில் பெரும்பாலோர் கைபேசியில், அதுவும் கூட்ட நெரிசலில் தடுமாறும் சிக்னலில் பார்ப்பவர்கள் என்பதையும் நினைவில் கொள்ளுங்கள். ஆனால் மூலப்படத்தைச் சுருக்கிவிடாதீர்கள். அதைத் தனி ஹார்டு டிஸ்கில் அப்படியே வைத்துவிட்டு, நகலைச் சுருக்குங்கள்.

அடுத்தது, ஏன் இவ்வளவு நேரம் பிடிக்கிறது என்பது. ஃபைல்ஜில்லா வழக்கமாகக் கையாளும் எஃப்டிபி என்ற கோப்புப் பரிமாற்ற முறையில் கட்டளைகளுக்கு ஓர் இணைப்பு தொடர்ந்து திறந்திருக்கும். ஆனால் ஒவ்வொரு கோப்பையும் அனுப்புவதற்குத் தனித்தனியாக ஒரு தரவு இணைப்பைத் திறந்து, அனுப்பி, மூட வேண்டும். அதனால் ஒரே அளவுள்ள ஒரு பெரிய கோப்பைவிட ஆயிரம் சிறு கோப்புகள் ஏறுவதற்கு வெகு நேரம் ஆகும். ஆண்டுக்கு ஒன்றாக ஜிப் செய்து ஏற்றி, ஹோஸ்டிங் கட்டுப்பாட்டுப் பலகையில் உள்ள ஃபைல் மேனேஜரிலேயே அதைப் பிரித்துவிடுங்கள். பிரித்த கையோடு ஜிப் கோப்பை அழித்துவிட வேண்டும். இல்லாவிட்டால் இடமும் அடைபடும், பெயரை ஊகித்த எவரும் அதை முழுதாக இறக்கிக்கொள்ளவும் முடியும். மலிவான திட்டங்களில் இடத்துக்கு வரம்பு வைப்பதுபோல் கோப்புகளின் எண்ணிக்கைக்கும் வரம்பு வைப்பதுண்டு என்பதால், அதையும் முன்கூட்டியே கேட்டு வைத்துக்கொள்ளுங்கள்.

ஏற்கெனவே அறுந்துபோனதை ஒப்பிடும்போது பெயர் இருக்கிறதா என்று மட்டும் பார்ப்பது போதாது. பாதியில் நின்ற கோப்புக்கும் முழுப் பெயர் உண்டு. அளவு மட்டுமே குறைந்திருக்கும். ஃபைல்ஜில்லாவில் அளவு மாறுபட்டால் மட்டும் மேலெழுதும்படி அமைக்க வழி உண்டு. தோல்வியுற்றவற்றைக் கீழே தனிப்பட்டியலாகவும் காட்டும். அந்தப் பட்டியலை மறுபடி வரிசையில் சேர்த்தால், முதலிலிருந்து தொடங்க வேண்டியதில்லை. வைகாசி முதல் நாள் இரவே அந்த ஆண்டின் படங்களையும் ஏற்றிவிட வேண்டும் என்று ஆசைப்படுவீர்கள்; பழைய ஆண்டுகளின் வேலையைச் சித்திரையிலேயே முடித்துவிடுங்கள்.

கேள்வி: எங்கள் சங்கத்தின் தளத்தில் உறுப்பினர்கள் புகைப்படம் ஏற்ற முடியாமல் இருந்தது. தெரிந்த ஒருவர் கோப்புறையின் அனுமதியை 777 என்று மாற்றச் சொன்னார். உடனே சரியாகிவிட்டது. அப்படியே விட்டுவிடலாமா?
– வாலாஜாபேட்டை வாசகர்

பதில்: விடக் கூடாது. அந்த அனுமதி எண்ணில் படிப்பதற்கு 4, எழுதுவதற்கு 2, இயக்குவதற்கு 1. மூன்றும் சேர்ந்தால் 7. மூன்று இலக்கங்களும் முறையே உரிமையாளர், குழு, மற்ற எல்லாரும் ஆகியோருக்குரியவை. எனவே 777 என்றால் அந்தச் சர்வரில் உள்ள எவர் வேண்டுமானாலும் உங்கள் சங்கத்தின் பதிவேட்டில் எழுதலாம், கிழிக்கலாம் என்று பொருள். கோப்புறைகளுக்கு 755, கோப்புகளுக்கு 644 என்பதே வழக்கம். அதை வைத்தும் ஏறவில்லை என்றால், பெரும்பாலும் கோப்புறையின் உரிமையாளர் பெயர் மாறிக் கிடக்கும்; அதைச் சரிசெய்யும்படி ஹோஸ்டிங் நிறுவனத்துக்கு எழுதுங்கள்.

கேள்வி: முன்பெல்லாம் உலாவியிலேயே எஃப்டிபி முகவரி கொடுத்துக் கோப்புகளைப் பார்க்க முடிந்தது. இப்போது ஏன் முடிவதில்லை?
– கல்லூரி மாணவி, காட்பாடி

பதில்: குரோமும் ஃபயர்ஃபாக்ஸும் 2021-இல் அந்த வசதியை நீக்கிவிட்டன. எஃப்டிபியின் முதல் வரையறையை 1971-இல் எழுதியவர், கான்பூர் ஐஐடியின் முதல் அணியில் படித்துவிட்டு அமெரிக்காவின் எம்ஐடிக்குச் சென்ற அபய் பூஷண். ஒருவரை ஒருவர் அறிந்த ஆய்வுக்கூடங்களுக்கு இடையே கோப்பு அனுப்பத் தோன்றிய முறை அது. கடவுச்சொல்லும் மறைப்பின்றி வெறும் எழுத்தாகவே செல்லும். கல்லூரி வைஃபையில் அதைப் பயன்படுத்தினால், அதே வலையில் அமர்ந்து ஒட்டுக்கேட்பவருக்கு உங்கள் கடவுச்சொல் கிடைத்துவிடும். அதனால் எல்லாவற்றையும் மறைத்தே அனுப்பும், 22-ஆம் போர்ட்டில் (இணைப்பு வாசலில்) இயங்கும் எஸ்எஃப்டிபியைப் பயன்படுத்துங்கள். ஃபைல்ஜில்லாவே போதும், தொடங்கும்போது முறையை மாற்றினால் சரி. இணைய மையத்துக் கணினியில் மட்டும் கடவுச்சொல்லைச் சேமிக்காதீர்கள். சேமித்தவற்றைப் பூட்டும் மாஸ்டர் பாஸ்வேர்டு வைக்காத ஃபைல்ஜில்லாவிலிருந்து அதைப் பிரித்தெடுப்பது எளிது.

கேள்வி: எங்கள் பட்டுச்சேலைக் கடையின் தளத்தை ஒருவர் பல ஆண்டுகளாகப் பார்த்துக்கொண்டார். இப்போது வெளிநாடு சென்றுவிட்டார். அவர் கொடுத்த பென்டிரைவில் இருந்த கோப்புகள் அனைத்தையும் புதிய ஹோஸ்டிங்கில் ஏற்றினேன். தளத்துக்குப் பதிலாக டேட்டாபேஸுடன் இணைய முடியவில்லை என்ற ஒற்றை வரிதான் வருகிறது.
– ஆரணி வாசகர்

பதில்: அந்த வரியை வைத்துப் பார்த்தால் உங்கள் தளம் வேர்ட்பிரஸ் என்ற தளம் அமைக்கும் மென்பொருளில் அமைந்ததாக இருக்க வேண்டும். அப்படிப்பட்ட தளம் இரண்டு இடங்களில் வாழ்கிறது. தோற்றம், மென்பொருள், படங்கள் ஆகியவை கோப்புகளாக இருக்கும். சேலைகளின் விவரம், விலை, நீங்கள் எழுதிய ஒவ்வொரு சொல்லும் மைஎஸ்க்யூஎல் டேட்டாபேஸில், அதாவது தரவுகளை அட்டவணைகளாகச் சேமிக்கும் தனிக் கிடங்கில், இருக்கும். எஃப்டிபி வழியாகக் கோப்புகளை முழுவதுமாக இறக்கினாலும் டேட்டாபேஸ் அவற்றோடு வருவதில்லை. தறியைப் பெயர்த்து வந்துவிட்டுப் பாவு நூலையும் ஊடை நூலையும் பழைய வீட்டிலேயே விட்டுவந்த கதைதான் இது.

பென்டிரைவில் எஸ்க்யூஎல் (.sql) என்று முடியும் கோப்பு ஏதேனும் இருக்கிறதா என்று தேடுங்கள். இருந்தால், புதிய இடத்தில் ஒரு டேட்டாபேஸும் அதற்கொரு பயனரும் உருவாக்கி, டேட்டாபேஸைக் கையாளும் பிஎச்பிமைஅட்மின் கருவி வழியாக அதை ஏற்றி, வேர்ட்பிரஸின் கான்ஃபிக் (அமைப்புக்) கோப்பில் டேட்டாபேஸின் பெயர், பயனர், கடவுச்சொல், ஹோஸ்ட் ஆகிய நான்கையும் மாற்றினால் தளம் எழுந்து நிற்கும். இல்லையென்றால், பழைய ஹோஸ்டிங் காலாவதியாகும் முன் அந்த நண்பரை அதில் நுழைந்து டேட்டாபேஸை ஏற்றுமதி செய்து அனுப்பச் சொல்லுங்கள். அவர் எந்த நாட்டில் இருந்தாலும் சில நிமிட வேலைதான். அதற்கும் வழியில்லாவிட்டால், பழைய இணையப் பக்கங்களின் நகலைச் சேமித்து வைக்கும், இன்டர்நெட் ஆர்க்கைவின் வேபேக் மெஷினில் உங்கள் முகவரியை இட்டுப் பாருங்கள். சில பக்கங்களாவது அங்கே அகப்பட்டால், சொற்களை நகலெடுத்துக்கொள்ளலாம், மறுபடி தட்டச்சுச் செய்யும் வேலை மிச்சமாகும்.

இதே தவற்றை நானும் செய்தவன்தான். சிற்றிதழ் ஒன்றின் தளத்தைப் பார்த்துக்கொண்டிருந்தபோது வாரந்தோறும் ஒழுங்காகக் காப்பு நகல் எடுத்தேன். ஆனால் அதை அதே சர்வரில் இன்னொரு கோப்புறையில் வைத்தேன். சந்தா கட்டத் தவறிக் கணக்கு மூடப்பட்டபோது தளமும் காப்பும் ஒன்றாகவே போயின. சர்வரில் இருப்பதை நகலாகவும், உங்கள் மேசையில் இருப்பதை மூலமாகவும் வைத்துக்கொண்டிருந்தால் ஹோஸ்டிங் நிறுவனம் மாறுவது ஒரு மாலைநேர வேலைதான்.

கடைசியாக, ஹோஸ்டிங் வேறு, டொமைன் பெயர் (தளத்தின் முகவரி) வேறு. கோப்புகள் எல்லாம் சரியானாலும், டொமைன் அந்த நண்பரின் பெயரிலும் அவருடைய மின்னஞ்சலிலும் பதிவாகியிருந்தால், புதுப்பிப்பு அறிவிப்பு அவருக்குத்தான் போகும். அதை உங்கள் கணக்குக்கு மாற்றித் தரும்படி டேட்டாபேஸ் கேட்டு எழுதும் அதே கடிதத்திலேயே கேட்டுவிடுங்கள்.