வயதானால் புதிய விஷயம் மனதில் தங்காதது ஏன்? இதில் எபிஜெனெடிக்ஸின் பங்கு என்ன?

மரபணுவின் எழுத்தை மாற்றாமல், அது வேலை செய்வதை மட்டும் கூட்டிக் குறைக்கும் ஏற்பாடே எபிஜெனெடிக்ஸ். டிஎன்ஏ, ஹிஸ்டோன் என்ற புரதத்தின் மேல் நூல்கண்டு போலச் சுற்றியிருக்கிறது. கண்டு இறுகினால் நூலைப் பிரிக்க முடியாது; அதுபோல, சுற்று இறுகிய இடத்தில் உள்ள மரபணுவைச் செல்லால் படிக்க முடியாது. ஒன்றைக் கற்கும்போது ஹிஸ்டோனில் அசெட்டைல் என்ற சிறு வேதிக்குழு ஒட்டிப் பிடியைத் தளர்த்தும். நரம்பிணைப்பை வலுவாக்கும் புரதங்கள் உருவாக இந்தத் தளர்வு வேண்டும்.

2010இல் ஜெர்மனியின் கோட்டிங்கனில் 3 மாத, 16 மாதச் சுண்டெலிகளை ஆய்வாளர்கள் ஒப்பிட்டார்கள். கற்றபின் ஹிஸ்டோனின் ஒரு குறிப்பிட்ட இடத்தில் அசெட்டைல் ஏறுவது, முதியவற்றின் ஹிப்போகாம்பஸில் (நினைவை உருவாக்கும் மூளைப் பகுதி) நடக்கவில்லை. அசெட்டைலை நீக்கும் நொதியைத் தடுக்கும் வோரினோஸ்டாட்டை அங்கேயே செலுத்தியதும் கற்கும் திறன் மீண்டது. (அது புற்றுநோய் மருந்து; ஞாபக மாத்திரை அல்ல.)

மூளைச் செல்கள் கூட்டமாகச் சாவதால்தான் மறதி என்று பலர் நினைக்கிறார்கள். நோயில்லாத முதுமையில் அவற்றில் பெரும்பாலானவை உயிரோடுதான் இருக்கின்றன.