ஒட்டகச்சிவிங்கி பத்தி கேளுங்க, மாட்டு டொக்டர் பதில் சொல்றேன்

நுவரெலியா பக்கம் மாடு பாக்குறவன் நான். ஒட்டகச்சிவிங்கியும் அசை போடுற சாதிதான், அது மேல எனக்கு சின்ன வயசுல இருந்தே ஆசை. தெரிஞ்சத சொல்றேன்.

தலவாக்கலை தம்பி: டொக்டர், அவ்வளவு உசரத்துல இருக்க தலைக்கு ரத்தம் எப்படி போகுது? குனிஞ்சா மயக்கம் வராதா?

தம்பி, இந்த கேள்விக்குத்தான் காத்துக்கிட்டு இருந்தேன். இதயத்துல இருந்து மூளை கிட்டத்தட்ட 2 மீட்டர் மேல இருக்கு, அங்க ரத்தத்த ஏத்தணும்னா நம்மள மாதிரி ரெண்டு மடங்கு பிரஷர் வேணும், நமக்கு அப்படி ஏறுனா உடனே வாட்டுல போட்டுருவாங்க, அதுக்கு அதுதான் நோர்மல். இதயம் மட்டும் 11 கிலோ கிட்ட, இடது பக்க சுவர் நல்லா தடிச்சு கிடக்கும். தண்ணி குடிக்க முன்னங்கால விரிச்சு குனியுதுல்ல, அப்ப தலை சட்டுனு இதயத்துக்கு கீழ வந்துருது. கழுத்துல ரத்தம் கீழ திரும்புற குழாய்ல வால்வு இருக்கறதால வந்த ரத்தம் திரும்பி தலைக்கு பாயாது, மூளைக்கு அடியில மெல்லிய குழாயெல்லாம் வலையா பின்னி கிடக்கு, அதுவும் பிரஷர சமாளிக்க உதவுதுன்னு சொல்றாங்க. அதவிட எனக்கு ஆச்சரியம் காலுதான். அவ்வளவு பிரஷர்ல கால் வீங்கி வெடிக்கணும், ஆனா கீழ்க்கால் தோல் அவ்வளவு இறுக்கம். நாள் பூரா மலையில நின்னு கொழுந்து எடுக்குற அம்மாமாருக்கு கால் வீங்குனா இறுக்கமான ஸ்டொக்கிங்ஸ் போட சொல்வாங்கல்ல, அந்த வேலைய அதோட தோலே செஞ்சிருது.

ஹட்டன் அக்கா: கழுத்துல எத்தனை எலும்பு?

7. நமக்கும் 7தான். அதுக்கு ஒவ்வொன்னும் 25 சென்டிமீட்டருக்கு மேல நீளம்.

பண்டாரவளையில இருந்து: ஒட்டகச்சிவிங்கி ஊமைன்னு சொல்றாங்களே?

ஊமை இல்ல. குட்டி கத்தும், பெருசு சீறும். ஐரோப்பாவுல மூணு மிருகக்காட்சிசாலையில ராத்திரி ரெக்கோட் பண்ணி பாத்தப்ப தாழ்ந்த குரல்ல ஹம் பண்றது கேட்டிருக்கு, 2015ல அது வெளிவந்துச்சு.

மஸ்கெலியா தங்கச்சி, ஓ/எல் படிக்கிறேன்: ஒரு நாளைக்கு அரை மணி நேரம்தான் தூங்குமா சேர்?

அந்த அரை மணி கதை எல்லா இடத்துலயும் சுத்துதும்மா. மிருகக்காட்சிசாலையில ராத்திரி ராத்திரியா பாத்து கணக்கெடுத்தப்ப நாலரை மணி நேரம் கிட்ட வந்துச்சு. அதுல ஆழ்ந்த தூக்கம் கொஞ்சம் கொஞ்ச நிமிசம்தான், அப்ப கழுத்த பின்னால வளைச்சு தலைய பின்பக்கத்து மேல சாச்சுக்கும்.

வெலிமடை: அது சத்தம் போடாதாமே?

மேல சொல்லிட்டேன்.

நானுஓயா அண்ணன்: என் நாய்க்கு சொறி, மருந்து சொல்லுங்க.

பாக்காம மருந்து சொல்ல மாட்டேன் அண்ணே. பக்கத்து அரச கால்நடை வைத்தியர்கிட்ட கூட்டிட்டு போங்க.

கொட்டகலை: அழிஞ்சிட்டு வருதுன்னு கேள்விப்பட்டேன், உண்மையா?

உண்மை. 2016ல ஆபத்துல இருக்க பட்டியல்ல சேத்தாங்க. காடு சுருங்குது, வேட்டை நடக்குது, அதோட சுருக்குக் கம்பி. உகண்டாவுல மர்ச்சிசன் நீர்வீழ்ச்சி பூங்காவுல மான் மாதிரி மிருகத்துக்கு வச்ச கம்பி ஒட்டகச்சிவிங்கி கால்ல மாட்டி சதைக்குள்ள இறங்குது. அத கழட்டணும்னா மயக்க ஊசி போடணும், இந்த மிருகத்துக்கு மயக்கமே ஆபத்து, விழுந்த உடனே மாத்து ஊசி போட்டு எழுப்பிட்டு ஆளுங்க கையால அமுக்கி புடிச்சுக்கிட்டுதான் கம்பிய வெட்டுறாங்க. நம்ம ஊர்லயும் இதே கம்பிதான். 2020 மே மாசம் நல்லதண்ணி பக்கம் மாட்டுன கருஞ்சிறுத்தை, உயிரோட மீட்டு வைத்தியத்துக்கு உடவளவைக்கு கொண்டு போயும் பிழைக்கல. தயவு செஞ்சு கம்பி கட்டாதீங்க.

கொட்டகலை: பன்னி ஒரே ராத்திரியில கிழங்கு பூரா தோண்டிட்டு போகுது டொக்டர், நாங்க என்னதான் செய்ய?

உங்க நட்டம் எனக்கு தெரியும், அந்த பாத்திகள நானும் பாத்திருக்கேன். ஆனா சுருக்கு கட்டுற பிரேக் வயருக்கு பன்னி எது சிறுத்தை எது உங்க வீட்டு நாய் எதுன்னு தெரியாது. சிறுத்தை பன்னிய திங்கிற சாதி, அத கொன்னா உங்க பாத்திக்குத்தான் காவல் குறையுது.

பொகவந்தலாவை: லயத்து வாசல்ல வந்து நாய தூக்கிட்டு போகுது, நீங்க அதுக்கு வக்காலத்தா?

பயம் நியாயம்தான் தம்பி. ராத்திரி நாய உள்ள கட்டுங்க, லயத்த சுத்தி புதர வெட்டுங்க, பிள்ளைங்கள இருட்டுல தனியா விடாதீங்க. கம்பியில மாட்டுன சிறுத்தைய பாக்க மட்டும் கூட்டமா போகாதீங்க, அது இழுத்து அறுத்துக்கிட்டு பாய்ஞ்சா யாருன்னு பாக்காது. தள்ளி நின்னு வனஜீவராசி திணைக்களத்துக்கு 1992ங்கிற நம்பருக்கு கோல் பண்ணி சொல்லுங்க. கம்பி வேணாம், திரும்பவும் சொல்றேன்.

இன்னொருத்தர்: ஊமையா சேர்?

மேல வாசிங்க.

பதுளை, ஒரு அம்மா: குட்டி எப்படி பொறக்கும்?

15 மாசம் சுமக்கும்மா. தாய் நின்னுக்கிட்டேதான் ஈனும், குட்டி அந்த உசரத்துல இருந்து பொத்துனு விழும். பொறக்கறப்பயே 1.8 மீட்டர், கொம்பு ரெண்டும் மண்டையோட படுத்து கிடக்கும், ஒரு மணி நேரம் கிட்டத்துல எந்திரிச்சு பால் குடிக்கும். ஆனா காட்டுல பாதி குட்டி கிட்ட முதல் வருஷத்த தாண்டாது, சிங்கமும் கழுதைப்புலியும் விடாது.

தலவாக்கலை தம்பி: நேர்ல பாக்க கெடைச்சா எத பாக்கணும்?

போறதுக்கு முன்னாடி அங்க இருக்கான்னு கேட்டுக்குங்க. படம் எடுத்துட்டு ஓடிறாதீங்க, அசை போடுற நேரமா பாத்து நில்லுங்க. வாய் நிக்கும், முழுங்கும், கொஞ்ச நேரத்துல கழுத்தடியில தோலுக்கு உள்ள ஒரு உருண்டை கிளம்பி மேல மேல ஏறி வாய்க்கு போய் சேரும், உடனே மறுபடி மெல்ல ஆரம்பிக்கும். மாட்டுலயும் இது நடக்கும், இவ்வளவு நீளமா பாக்க முடியாது. கீழ கொஞ்சம் இலை வச்சாங்கன்னா நாக்க பாருங்க, கருநீலமா அரை மீட்டர் கிட்ட வெளிய வரும்.