காற்றே இல்லாத நாளில் பாய்மரப் படகுப் போட்டி வைத்தால், ஜெயிப்பது வெறும் அதிர்ஷ்டம்தானே?

நானும் ரொம்ப நாள் அப்படித்தான் சொல்லிக்கொண்டிருந்தேன், குறிப்பாகத் தோற்ற நாட்களில். ஒரு மார்ச் மாத ஞாயிற்றுக்கிழமைக்குப் பிறகு சொல்வதை நிறுத்திவிட்டேன்.

முதலில் இடம். சென்னைத் துறைமுகத்துக்குள் பாய்மரப் படகுகள் இருக்கின்றன என்றால் பாதி சென்னைக்காரர்களே நம்ப மாட்டார்கள். கன்டெய்னர் லாரிகளுக்கு நடுவில், கேட்டில் பாஸ் காட்டி உள்ளே போனால் ஸ்பிரிங்ஹேவன் என்று ஒரு சின்ன ஒதுக்கு வரும். 1911-ல் மெட்ராஸில் படகு கிளப் ஆரம்பித்த துறைமுகத் தலைவர் சர் பிரான்சிஸ் ஸ்பிரிங்கின் பெயர் அது. முப்பத்தாறு வயதில் தொப்பையோடு நான் பாய்மரம் கற்றுக்கொள்ளப் போனது அங்கேதான்.

நான் ஓட்டுவது ஐஎல்சிஏ 6. பழைய ஆட்கள் இன்னும் லேசர் ரேடியல் என்றுதான் சொல்வார்கள். நாலேகால் மீட்டர் நீளம், ஒரே பாய், ஒரே ஆள். வெறும் படகு 59 கிலோ. அன்று என் எடை 76. எனக்குப் போட்டியாக வந்த பெண்ணுக்குப் பதினைந்து வயது, ஐம்பது கிலோகூட இருக்க மாட்டாள். காற்று பலமாக இருந்தால் என் எடை எனக்கு உதவும். படகு சாயாமல் வெளியே தொங்கிப் பிடித்துக்கொள்ளலாம். காற்று செத்த நாளில் அதே எடை வெறும் சுமை.

மார்ச்சில் சென்னைக் கடலில் காலையில் கரையிலிருந்து ஒரு மெல்லிய காற்று இருக்கும். ஒன்பது, பத்துக்கெல்லாம் அது அடங்கிவிடும். வெயில் ஏறி நிலம் சூடான பிறகு கிழக்கே இருந்து கடல்காற்று கிளம்பும். அதைக் கொண்டல் என்று பள்ளியில் படித்த ஞாபகம், கிளப்பில் எல்லோருக்கும் அது 'சீ பிரீஸ்'தான். இந்த இரண்டுக்கும் நடுவே ஒரு வெற்றிடம் உண்டு. எங்கள் கிளப் ரெகாட்டாவின், அதாவது படகுப் போட்டித் தொடரின், கடைசிப் பந்தயத்தைச் சரியாக அந்த வெற்றிடத்தில் வைத்திருந்தார்கள். பிரியாணி ஒரு மணிக்குச் சொல்லியாகிவிட்டது, வேறு வழியில்லை.

ரெஸ்க்யூ போட் கயிறு போட்டு ஒன்பது படகுகளையும் வாத்துக் கூட்டம் மாதிரி வெளியே இழுத்துப்போனது. நடுவர் படகில் சிவப்பு வெள்ளைப் பட்டைக் கொடி ஏறியது. பந்தயம் தள்ளிவைப்பு என்று அர்த்தம். முக்கால் மணி நேரம் மெரினா கலங்கரை விளக்கத்தையே பார்த்துக்கொண்டு வெயிலில் வெந்தோம். "வெயில் ஏறட்டும் சார், தானா வரும்" என்றார் ரெஸ்க்யூ போட்காரர். காசிமேட்டுக்காரர், அவர் சொன்னால் வரும். வந்தது, ஆனால் மூன்று நாட் அளவுக்கு. மணிக்கு ஐந்தரை கிலோமீட்டர், நீங்கள் நடக்கும் வேகம். கொடி இறங்கியது.

இந்தக் காற்றில் படகு ஓட்டுவது எப்படி என்று கேட்டால், ஓட்டாமல் இருப்பதுதான். உடம்பை முன்னால் நகர்த்தி, படகின் நடுப்பலகையை ஒட்டி உட்கார வேண்டும். பின்பக்கம் தண்ணீரை இழுத்துக்கொண்டு வராமல் இருக்க அது. படகை வேண்டுமென்றே காற்று போகும் பக்கம் லேசாகச் சாய்த்து வைப்போம். பாய் தன் எடையிலேயே தொங்கி வடிவத்துக்கு வரும், தண்ணீரில் உரசும் பரப்பும் குறையும். சுக்கானை இரண்டு விரலில் பிடிக்க வேண்டும், ஒவ்வொரு அசைவும் ஒரு பிரேக். பழைய அலை ஒன்று உருண்டு வந்தாலே போதும், பாயில் இருக்கும் கொஞ்சநஞ்சக் காற்றும் உதிர்ந்துவிடும்.

அப்படியானால் படகை ஆட்டி ஆட்டி முன்னேறலாமே என்று தோன்றும். பாய்மரப் பந்தய விதிகளில் 42-ஆவது அதைத் தடுக்கிறது. காற்றையும் தண்ணீரையும் கொண்டு மட்டுமே போக வேண்டும். பாயை விசிறி மாதிரி இழுத்து விடுவது, படகை உருட்டுவது, சுக்கானைத் துடுப்பு போலப் போடுவது எல்லாம் குற்றம். முதல் சுற்றில் முன்னால் போனவர் அதைத்தான் செய்தார். விசில் ஊதி மஞ்சள் கொடி காட்டினார்கள். தண்டனை, இருந்த இடத்திலேயே இரண்டு முழுச் சுற்று. அந்தக் காற்றில் அது முடிய எவ்வளவு நேரமாயிற்று என்று சொன்னால் அவர் மனம் புண்படும். அப்புறம் நான் முதலிடம், அந்தப் பெண் மூன்று படகு நீளம் பின்னால்.

நேரம் போய்க்கொண்டிருந்ததால் பந்தயத்தைச் சுருக்கினார்கள். நடுவர் படகு, காற்று வரும் பக்கம் இருக்கும் மேல்மிதவைக்குப் பக்கத்தில் போய் நின்று, 'எஸ்' கொடி ஏற்றி, இரண்டு ஹார்ன் அடித்தது. அங்கேதான் இனி முடிவுக்கோடு. அதுவரை ஒரே ஒரு ஏற்றம், காற்றை எதிர்த்து. நேராகப் போக முடியாது, இடமும் வலமுமாகத் திரும்பித் திரும்பித்தான் போக வேண்டும்.

பாதி வழியில் அவள் திரும்பி வலது பக்கம், தெற்கே போனாள். முன்னால் இருப்பவன் கூடவே திரும்பி மறிக்க வேண்டும் என்பது பாலபாடம். ஆனால் அந்தக் காற்றில் ஒருமுறை திரும்பினால் இரண்டு படகு நீளம் போய்விடும். எனக்கு மனசு வரவில்லை, நேரே போனேன். கொஞ்ச நேரம் கழித்துத் திரும்பிப் பார்த்தால், அவள் இருந்த இடத்தில் தண்ணீர் கருநீலமாகச் சுருங்கியிருந்தது. காற்று இறங்கும் இடம் அப்படித்தான் தெரியும். என்னைச் சுற்றி எண்ணெய் தடவியது போலப் பளபளப்பு. அந்தக் கரும்பட்டையை அவள் முன்பே பார்த்திருக்கிறாள். நான் என் பாயைப் பார்த்துக்கொண்டிருந்தேன்.

மறுபடி சந்தித்தபோது அவளுக்கு வலப்பக்கக் காற்று, அதாவது ஸ்டார்போர்ட், எனக்கு இடப்பக்கம். விதிப்படி வழி அவளுடையது. "அங்கிள், ஸ்டார்போர்ட்!" என்று கத்தினாள். இரண்டு வார்த்தையில் முதலாவதுதான் அதிகம் வலித்தது. அவள் படகின் பின்னால் நுழைந்து, உடனே திரும்பி, அவளுக்கு வலப்பக்கம் போனேன். அப்போது அந்தக் கருநீலப் பட்டையின் வால் எனக்குக் கிடைத்தது. மேல்காற்றில் நான் இருந்ததால் அவள் பாயில் விழ வேண்டியதையும் என் பாய் தின்றது. கோட்டுக்கு இருபது மீட்டர் இருக்கும்போது இரண்டு படகும் சமம். காற்று செத்தது.

பத்து மீட்டர், ஐந்து மீட்டர். சத்தமே இல்லை. என் படகு அரை அடி முன்னால் என்று தோன்றியது. கோடு எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொள்ள முட்டி போட்டு எட்டிப் பார்த்தேன், அவ்வளவுதான். படகு புரண்டது, பாய் ஒருமுறை உதறியது, ஓடிக்கொண்டிருந்த கொஞ்ச வேகமும் நின்றது. பக்கத்தில் அவள் சுவரில் ஒட்டிய பல்லி மாதிரி அசையாமல் படுத்தபடியே நழுவிப் போனாள். முதலில் ஒரு ஹார்ன், அது அடங்குமுன் இன்னொன்று. இரண்டாவது எனக்கு.

2024 பாரிஸ் ஒலிம்பிக்கில், மார்சேய் கடலில், நம் சென்னை நேத்ரா குமணனும் இதே வகைப் படகில்தான் போட்டியிட்டார். அங்கேயும் காற்றுக்காகக் காத்துக் கிடந்தார்கள். ஆஸ்திரேலியாவின் மேட் வேர்ன் தங்கம் வாங்கிய ஐஎல்சிஏ 7 (அதே படகு, பெரிய பாய்) இறுதிப் பந்தயமே ஒருநாள் தள்ளிப்போனது. அதே மேட் வேர்ன்தான் அதற்கு முந்தைய டோக்கியோவிலும் தங்கம் வாங்கியவர். அதிர்ஷ்டம் ஒரே ஆளை இரண்டு தடவை தேடிப் போகுமா என்று நீங்களே பார்த்துக்கொள்ளுங்கள்.

கரையேறி பாயைச் சுருட்டும்போது பன்னிரண்டு நாட் கடல்காற்று ஜம்மென்று அடித்தது. அவள் வந்து, "கடைசியில ஏன் அங்கிள் எழுந்தீங்க?" என்றாள்.

"கோடு தெரியலம்மா, அதான்."

"எனக்கும்தான் தெரியல. ஹார்ன் அடிச்சாத்தான் தெரியும்" என்று சொல்லிவிட்டு பிரியாணி வரிசைக்கு ஓடினாள். அங்கேயும் எனக்கு முன்னால்.