பத்துக் குழி நிலம், ஒரு மண்வெட்டி: கேள்வி பதில்

எங்கள் ஊர் நீடாமங்கலம் பக்கம். டிராக்டர் நுழைய வழியில்லாத கொல்லை நிலத்தில் மண்வெட்டியையும் களைக்கொட்டையும் வைத்தே இருபது வருஷமாக நெல்லும் கேழ்வரகும் விளைவிக்கிறேன். சின்ன இடத்தில் தானியம் போடுவதைப் பற்றிக் கேளுங்கள் என்று சொல்லியிருந்தேன். வந்த கேள்விகளும் என் பதில்களும் இவை.

குடவாசலிலிருந்து: அக்கா, வீட்டுக்குப் பின்னால் பத்துக் குழி சும்மா கிடக்கிறது. நெல் போட்டால் எவ்வளவு கிடைக்கும்?

நம் பக்கத்துக் கணக்கில் ஒரு குழி 144 சதுர அடி, நூறு குழி ஒரு மா. மாவுக்குப் பத்து மூட்டை கண்டால் நல்ல விளைச்சல். அப்படிப் பார்த்தால் உங்கள் இடத்துக்கு 60 கிலோ மூட்டை ஒன்று. முதல் வருஷம் முக்கால் மூட்டை வந்தாலே சந்தோஷப்படுங்கள். பாரம்பரிய ரகமென்றால் இன்னும் குறையும். ஆனால் பத்துக் குழியையும் எடுத்த எடுப்பிலேயே நட வேண்டாம். எத்தனை குழிக்கு உங்களால் களை எடுக்க முடியுமோ அத்தனை குழி போதும். கொத்துவதும் நடுவதும் சில நாள் வேலை, களை நாற்பது நாள் வேலை. ஆசையாக முழுவதும் நட்டுவிட்டுப் பாதியைக் கோரைக்குக் கொடுத்தவர்களை நிறையப் பார்த்திருக்கிறேன். பார்க்கவே மனசு கஷ்டமாக இருக்கும்.

மன்னார்குடியிலிருந்து: குறுவையில் தொடங்கலாமா, சம்பாவிலா?

சம்பாவில், அதாவது மழைக்கால நெல் பட்டத்தில். மேட்டூர் அணையை ஜூன் 12-இல் திறந்தாலும் வாய்க்காலின் கடைசியில் இருக்கும் கடைமடை வயல்களுக்குத் தண்ணீர் வந்து சேர நாளாகும். குறுவை வெயிலில் வளரும் பயிர், குடத்தில் மொண்டு ஊற்றிக் காப்பாற்ற முடியாது. ஆவணியில் நாற்று விட்டுப் புரட்டாசி முன்பாதிக்குள் நட்டுவிடுங்கள். ஐப்பசி அடைமழை பிடிப்பதற்குள் பயிர் தூர் கட்டி, அதாவது அடியில் பக்கக் கிளைகள் விட்டு, நிற்க வேண்டும். நட்ட மறுவாரம் வெள்ளம் வந்தால் இளம்பயிர் அழுகிவிடும்.

வலங்கைமானிலிருந்து: ஏரும் இல்லை, டிராக்டரும் இல்லை. சேறு அடித்துச் சமன் செய்வது எப்படி அம்மா?

இதை யாராவது கேட்க மாட்டார்களா என்று காத்திருந்தேன். பெரும்பாலோர் விதையைப் பற்றியே யோசிக்கிறார்கள். சின்ன வயலில் பாதி விளைச்சல் சமன் செய்வதிலேயே தீர்மானமாகிவிடுகிறது.

நம் களிமண்ணைக் காய்ந்தபடி கொத்தினால் கை கொப்பளிக்கும், வேலையும் நகராது. முதலில் தண்ணீர் கட்டி இரண்டு நாள் ஊற விடுங்கள். பிறகு ஒரு சாண் ஆழத்துக்கு வெட்டிக் கட்டியைக் குப்புறப் போடுங்கள். பழகிய என் கைக்கே ஒரு நாளைக்கு நாலு குழிதான் ஆகும், அவசரப்பட வேண்டாம். வேப்பந்தழை, புங்கந்தழை கிடைத்தால் போட்டு மிதித்துவிடுங்கள். ஒரு வாரம் தண்ணீர் நிற்கட்டும், புல்லும் தழையும் அழுகும். அதற்குள் வரப்பில் அண்டை வெட்டி, அதாவது ஓரத்தைச் செதுக்கி, சேறு பூசி, நண்டு வளைகளை அடைத்துவிடுங்கள். ஒரே ஒரு வளை போதும், ராத்திரியில் வயல் தண்ணீர் முழுவதும் வடிந்துவிடும்.

வாரம் கழித்து இரண்டாம் முறை கொத்தி மிதியுங்கள். அப்புறம் நாலடிப் பலகை ஒன்றில் கயிறு கட்டிப் பரம்பு போல இழுங்கள். கடைசியில் விரல் ஆழம் தண்ணீர் வைத்து, காற்று இல்லாத காலை நேரத்தில் வரப்பில் நின்று பாருங்கள். எங்கே மண் திட்டாகத் தெரிகிறதோ அது மேடு. அந்தச் சேற்றை வழித்துப் பள்ளத்தில் போடுங்கள். மேட்டில் களை முளைக்கும், பள்ளத்தில் நாற்று மூழ்கும். இரண்டும் இல்லாத வயலில் நட்டால் பிறகு பாதி வேலை மிச்சம்.

திருத்துறைப்பூண்டியிலிருந்து: உறவினர் கொடுத்த மாப்பிள்ளைச் சம்பா விதை கொஞ்சம் இருக்கிறது. எவ்வளவு வேண்டும், எப்படி முளை கட்டுவது?

ஒற்றை நாற்றாக நட்டால் பத்துக் குழிக்குக் கால் கிலோ தாராளம். பத்து லிட்டர் தண்ணீரில் ஒரு முட்டையைப் போட்டு, அது மேலே வந்து தலை காட்டும் வரை உப்பைக் கரையுங்கள். முட்டையை எடுத்துவிட்டு விதையைக் கொட்டினால் பதர் மிதக்கும். அடியில் தங்கியதை நல்ல தண்ணீரில் இரண்டு மூன்று முறை அலசி, ஒரு நாள் ஊற வைத்து, ஈரச்சாக்கில் கட்டி ஒரு நாள் மூட்டம் போடுங்கள். வெள்ளை முளை எட்டிப் பார்த்ததும் விதைத்துவிட வேண்டும். ஒரு வருஷம் கல்யாணத்துக்குப் போன இடத்தில் ஒரு நாள் கூடுதலாகத் தங்கிவிட்டேன். வந்து சாக்கைப் பிரித்தால் உள்ளே சூடு, வேர்கள் பாய் முடைந்தது போலப் பின்னிக்கிடந்தன. பிரிக்கப் பிரிக்க முளை ஒடிந்தது. அந்த விதை போனது போனதுதான்.

நாற்றங்காலுக்கு ஒரு கயிற்றுக் கட்டில் அளவு மேட்டுப்பாத்தி போதும். பதினாலு, பதினைந்து நாள் நாற்றை மண்ணோடு வாரி எடுத்து, வேர் காய்வதற்குள் நடுங்கள். இடைவெளி ஒரு சாணும் ஒரு விரலும். கயிற்றில் அந்த அளவுக்கு முடிச்சுப் போட்டு, இரண்டு பக்கமும் பிடித்துக்கொண்டு நட்டால் வரிசை கோணாது. வரிசை நேராக இருந்தால் பத்தாம் நாள் முதல் பத்து நாளைக்கு ஒருமுறை உருளைக் களைக்கருவியைத் தள்ளலாம். இந்த ரகம் உயரமாக வளரும், எருவை அதிகம் போட்டால் சாய்ந்துவிடும்.

அதே ஊரிலிருந்து இன்னொருவர்: நெல் எது, களை எது என்றே தெரியவில்லை.

குதிரைவாலிப் புல்தான் ஏமாற்றும். இலை தண்டைப் பிடிக்கும் இடத்தை விரித்துப் பாருங்கள். நெல்லுக்கு அங்கே நாக்கு மாதிரி வெள்ளைத் தோல் இருக்கும், அந்தப் புல்லுக்கு இருக்காது.

பட்டுக்கோட்டையிலிருந்து: எங்களுடையது புதாற்றுப் பாசனம் (கல்லணைக் கால்வாய்), செம்மண். கேழ்வரகு வருமா?

அருமையாக வரும் தம்பி, களிமண்காரர்களை விட உங்களுக்கு வேலையும் சுலபம். தண்ணீர் தேங்காமல் மட்டும் பார்த்துக்கொள்ளுங்கள். விதை கடுகை விடச் சின்னது, மணலோடு கலந்து தூவி, மேலே மெல்ல மண்ணைக் கீறிவிடுங்கள். பதினேழு முதல் இருபது நாள் நாற்றை வரிசைக்கு வரிசை ஒரு சாண், செடிக்குச் செடி ஐந்து விரல் விட்டு நடலாம். களைக்கொட்டு போதும்.

ஒரத்தநாட்டிலிருந்து: வரப்போரம் ஒரு வரிசை மக்காச்சோளம் ஊன்றினேன். கதிரில் முத்தே பிடிக்கவில்லை.

மகரந்தம் காற்றில்தான் பரவும். ஒற்றை வரிசையென்றால் பாதி வீணாகப் போகும். அடுத்த முறை அதே விதையை நாலைந்து வரிசையாகச் சதுரமாக ஊன்றுங்கள், வரிசைக்கு இரண்டடி விட்டு.

நாகப்பட்டினத்திலிருந்து: சம்பா அறுத்த பிறகு கொத்தாமலே ஏதாவது போடலாமா?

உளுந்து. அறுப்புக்கு ஒரு வாரம், பத்து நாளுக்கு முன்பே, நெல் நிற்கும்போதே தெளித்துவிட வேண்டும். கால் வைத்து எடுத்தால் தடம் பதிய வேண்டும், தண்ணீர் நிற்கக் கூடாது. அந்த மெழுகு பதம்தான் கணக்கு. பத்துக் குழிக்கு 400 கிராம். அடிமண் ஈரத்திலும் தைப் பனியிலுமே வளர்ந்துவிடும்.

கொரடாச்சேரியிலிருந்து: அறுப்புப் பதம் எப்படித் தெரியும்? கொஞ்ச நெல்லை எங்கே அரைப்பது?

கதிரில் பத்துக்கு எட்டு மணி மஞ்சளானால் கருக்கரிவாளை எடுங்கள். அதற்குப் பத்து நாள் முன்பே தண்ணீரை வடித்திருக்க வேண்டும். கல்லில் அடித்து, முறத்தில் தூற்றி, ஒரு மணியைப் பல்லில் வைத்துக் கடித்துப் பாருங்கள். டக்கென்று உடைந்தால் காய்ந்தது, நசுங்கினால் இன்னொரு வெயில் வேண்டும். எங்கள் ஊர்ச் சின்ன ரைஸ்மில்லில் ஒரு மூட்டையையும் அரைத்துக் கொடுக்கிறார்கள், உங்கள் பக்கமும் போய்க் கேட்டுப் பாருங்கள். ஆனால் அரைக்கப் போவதற்கு முன்னால், நல்ல கதிராகப் பார்த்து அரைக் கிலோ விதைநெல்லைத் தனியாக எடுத்துவையுங்கள்.