கடற்கொள்ளையர் என்று யாரைச் சொல்வது?

அன்புள்ள ஆசிரியருக்கு,

பண்டைய இத்தாலியின் நடுப்பகுதியில் வாழ்ந்த எட்ருஸ்கர்கள் வெறும் கடற்கொள்ளையர்கள், இத்தாலியக் கடலில் வணிகத்தை வளர்த்தவர்கள் கிரேக்கர்களே என்று ஓர் ஆவணப்படத்தில் சொன்னார்கள். அப்படியென்றால் எட்ருஸ்கக் கல்லறைகளில் கிரேக்கப் பானைகள் குவிந்து கிடப்பது எப்படி? கொள்ளையடித்தவையா?

எஸ்.

அன்புள்ள எஸ்.,

கொள்ளையல்ல, வியாபாரம். கி.மு. 6ஆம் நூற்றாண்டின் பிற்பகுதியில் ஏதென்ஸில் நிகோஸ்தெனீஸ் என்ற குயவர் இருந்தார். எட்ருஸ்கர்கள் புழங்கிய கறுப்புச் சாடியின் வடிவத்தை, அந்தப் பட்டையான கைப்பிடி உட்பட அப்படியே எடுத்து, கிரேக்கச் சித்திரங்களோடு வனைந்து அவர்களுக்கே அனுப்பினார். அவை பெரும்பாலும் எட்ருஸ்க நகரமான கைரேயின் கல்லறைகளில்தான் கிடைத்துள்ளன. இன்னொரு எட்ருஸ்க நகரமான தர்குவினியாவின் துறைமுகமான கிராவிஸ்காவில் ஒரு கல் நங்கூரத்தின் துண்டு அகப்பட்டது. ‘நான் ஏகினா அப்போலோவின் உடைமை, சோஸ்த்ராதோஸ் என்னைச் செய்வித்தான்’ என்று கிரேக்கத்தில் வெட்டியிருக்கிறது. எட்ருஸ்கத் துறையில் ஒரு கிரேக்க வணிகன் தன் ஊர்த் தெய்வத்துக்கு அச்சமின்றிக் காணிக்கை வைத்திருக்கிறான்.

பகையும் பொய்யில்லை. எல்பா தீவின் இரும்பு எட்ருஸ்கர்கள் கையில் இருந்தது. தெற்கு பிரான்ஸ் கரைக்கு அவர்கள் மது ஏற்றிப் போய்க்கொண்டிருந்தார்கள். அந்தக் கரையில்தான் ஃபோக்கையா நகரக் கிரேக்கர்கள் கி.மு. 600 வாக்கில் மசாலியாவை, அதாவது இன்றைய மார்செய்யை நிறுவினார்கள். பிறகு கோர்சிகாவின் அலாலியாவிலும் குடியேறினார்கள். அங்கிருந்து அக்கம்பக்கத்தாரையெல்லாம் சூறையாடினார்கள் என்று எழுதுபவர் கிரேக்கரான ஹெரோடோட்டஸ். பொறுக்க முடியாமல் எட்ருஸ்கர்களும், வட ஆப்பிரிக்காவின் கார்த்தேஜ் நகரத்தாரும் ஆளுக்கு 60 கப்பல்களோடு வந்தார்கள். கி.மு. 540 வாக்கில் நடந்த அந்தப் போரில் ஃபோக்கையர்கள் ஜெயித்தார்கள். ஆனால் அவர்களுடைய 60 கப்பல்களில் 40 அழிந்தன, மிஞ்சியவற்றின் முட்டுமுனைகள், அதாவது எதிரிக் கப்பலை இடிக்கும் முன்முனைகள், வளைந்துபோயின. ஊரை விட்டே கிளம்பினார்கள்.

பிடிபட்ட ஃபோக்கையர்களைக் கைரே மக்கள் கல்லால் அடித்துக் கொன்றார்கள். அந்தப் பழி தீர வழி கேட்டு அவர்கள் ஆள் அனுப்பியது கிரேக்கர்களின் அருள்வாக்குத் தலமான டெல்ஃபிக்கே! கொல்லப்பட்டவர்களுக்கு விளையாட்டு நடத்திச் சிறப்புச் செய்யச் சொன்னது அருள்வாக்கு. செய்தார்கள். இந்த மனிதர்களை ‘கொள்ளையர்’ என்று ஒற்றைச் சொல்லில் அடைப்பது எனக்கு ஆறவே இல்லை.

எட்ருஸ்கர் எழுதிய வரலாறு நமக்கு வந்து சேரவில்லை. ரோமப் பேரரசர் கிளாடியஸ் அவர்களைப் பற்றி எழுதிய 20 நூல்களும் போய்விட்டன. கிடைப்பது எதிர்த்தரப்பின் ஏடுகள்தான். ஆனால் அங்கும் உண்மை தலைகாட்டுகிறது. கி.மு. 384இல் சிசிலியின் கிரேக்க நகரமான சிரக்கூசை ஆண்ட தியோனீசியஸ், கொள்ளையரை ஒடுக்கப் போகிறேன் என்று சொல்லி, கைரேயின் துறைமுகமான பிர்கியைத் தாக்கினான். அது வெறும் சாக்கு, அவனுக்குப் பணமுடை, குறி வைத்தது கோயில் செல்வத்தை என்று எழுதிவைத்தவர் சிசிலிக் கிரேக்கரான தியோதோரஸ். கோயிலிலிருந்து மட்டும் அவன் அள்ளியது 1000 தாலந்து (பணத்தை நிறுக்கும் பழைய கிரேக்க எடை அளவு) என்பதும் அவர் தரும் கணக்கே.